அரை மார்க் பானை

போன பதிவில், ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்று பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன், நண்பர்கள் கவலைப்பட வேண்டாம். அதற்குள் வேறொரு காகிதம் கைக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள். அதில் ஒரு மூன்று மார்க் கேள்விக்கு அரை மார்க்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளையில் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்து படிப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதை டியூஷன் என்று சொல்லக்கூடாது. காசு வாங்குவதில்லை. அதனால் பொறுப்பும் வாங்குவதில்லை என்று என் வீட்டம்மா சொல்வார். நான் ஆசிரியர் இல்லை, அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்து எழுந்தவன். அறிவியல் படித்ததும் பிரெஞ்சில், பிரவே வரைக்கும்தான். ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள். மின்விசிறி இருக்கிறது, சுண்டல் கிடைக்கிறது.

சென்ற ஆண்டு அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் சேர்ந்தாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். எட்டாம் வகுப்பு வரை அங்கே தமிழ்வழியில் படித்தவள். அப்பாவுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் குடும்பம் புதுச்சேரிக்கு வந்துவிட்டது. இங்கே அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு.

முன்பெல்லாம் இது பெரிய மாற்றமாக இருந்திருக்காது. புதுச்சேரிப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான் இருந்தது, தமிழிலேயே தேர்வு எழுதலாம். இப்போது அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்குப் போய்விட்டன. 2024-25 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும்கூட அதில் சேர்ந்துவிட்டன. அது சரியா தவறா என்று இங்கே நான் வாதம் செய்யப்போவதில்லை. அதற்கு அரசியல்வாதிகள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைக்கு, அறிவியல் புத்தகம் ஒரே நாளில் வேறு மொழிக்கு மாறிவிட்டது.

கேள்வி இதுதான். கோடையில் மண்பானையில் வைத்த தண்ணீர் ஏன் குளிர்ந்துவிடுகிறது? ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இருக்கும் கேள்வி. அவள் ஆங்கிலத்தில் எழுதிய விடையை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

"பாட் ஸ்மால் ஸ்மால் ஹோல். வாட்டர் கம் அவுட்சைட். வாட்டர் கோ ஏர். டேக் ஹீட் பாட். இன்சைட் வாட்டர் கூல். ஓல்டு பாட் நோ கூல். ஹோல் க்ளோஸ்."

இதன்மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில், முழு வாக்கியமாக எழுது என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. அரை மார்க்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன். பானையின் மேல் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, சரி. அவற்றின் வழியே தண்ணீர் வெளிப்பக்கம் கசிகிறது, சரி. கசிந்த தண்ணீர் காற்றில் ஆவியாகிறது, சரி. ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, அதனால் மீதித் தண்ணீர் குளிர்கிறது, அதுவும் சரி. இதற்குமேல் அந்தக் கேள்விக்கு என்ன விடை இருக்கிறது? ஒன்று இருக்கிறது. அவள் கடைசியில் எழுதிய "பழைய பானை குளிராது, துளை அடைந்துவிடும்" என்பது அந்தப் பாடத்தில் இல்லை. அது அவள் வீட்டுப் பானை சொல்லிக்கொடுத்தது.

என் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதுகூடத் தெரியாதா? ரெண்டு மூணு வருஷம் ஆனா பாசி, உப்பு எல்லாம் ஏறிடும். வெளியில தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சா கொஞ்ச நாள் குளிரும், அப்புறம் பானையை மாத்தணும்" என்றார். ஐம்பது ஆண்டு அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கு இது தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆவியாதலால்தான் குளிர்கிறது என்றால் துளை அடைந்த பானை குளிரக்கூடாது, குளிரவில்லை, ஆகவே காரணம் சரிதான் என்று அவள் தன் விடையைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறாள். இதற்குத்தானே அறிவியல் என்று பெயர்?

அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பையனும் என் திண்ணைக்கு வருவான். அவனுக்கு அந்தக் கேள்வியில் மூன்றுக்கு மூன்று. கைடில் உள்ள மூன்று வாக்கியங்களைக் கால்புள்ளி தவறாமல் எழுதியிருந்தான். நல்ல பையன், உழைப்பாளி. "சரிடா, அப்படின்னா சில்வர் குடத்துல வச்ச தண்ணி ஏன் அந்த மாதிரி குளிரலை?" என்று கேட்டேன். "அதுவும் குளிரும் தாத்தா. இவாபரேஷன் காஸஸ் கூலிங்" என்றான். வாய் திறந்த குடமாக இருந்தால் மேற்பரப்பில் கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும், ஆகவே முழுத்தவறு என்று சொல்லமுடியாது. ஆனால் அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. துளையைப் பற்றி எழுதிய கைக்கு, துளை எதற்கு என்று தெரியவில்லை.

இந்தப் பையனைப் பார்த்து நான் சிரிக்கமுடியாது. அரசு வேலையில் சேர்ந்தபோது எனக்குப் பிரெஞ்சும் தமிழும் தெரியும், ஆங்கிலம் அரைகுறை. அலுவலகமோ ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. முதல் இரண்டு ஆண்டு பழைய கோப்புகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். "ஐ ஆம் டைரக்டெட் டு ஸ்டேட்" என்று ஆரம்பித்துவிட்டால் பாதிக் கடிதம் தானாக வந்துவிடும். யார் என்னை டைரக்ட் செய்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பிழையில்லாத ஆங்கிலம் என்று கண்காணிப்பாளர் பாராட்டினார். எதைப் பற்றிய கடிதம் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

அந்த ஆசிரியையைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள், கட்டுக்கட்டாக விடைத்தாள், அதற்குமேல் ஏதேதோ பதிவேடுகள். அவருக்கே இந்தப் பாடத்திட்டம் புதிது. குறைசொல்ல வேண்டிய ஆள் வேறொருவர் இருக்கிறார். அந்தக் கதைக்கு வருகிறேன்.

விடைத்தாளைப் பார்த்த சூட்டில் இந்தப் பெண்ணுக்கு நானே ஏதாவது செய்தாகவேண்டும் என்று தீர்மானித்தேன். வாரம் ஒருமுறை திண்ணையில் ஒரு சின்னத் தேர்வு வைப்பது வழக்கம். மற்றப் பிள்ளைகளுக்கு விளக்குக, காரணம் கூறுக என்று கேள்விகள். இவளுக்கு மட்டும் தனித்தாள்: கோடிட்ட இடத்தை நிரப்பு, பொருத்துக, சரியா தவறா. ஒற்றைச் சொல் எழுதினால் போதும். பத்துக்கு ஒன்பது, பத்துக்குப் பத்து என்று அள்ளிப் போட்டேன். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். பிள்ளை முகத்தில் சிரிப்பு வந்தது. நானும் பெரிய கல்வியாளன் மாதிரி நடந்துகொண்டேன். இது மூன்று வாரம் நடந்தது.

நான்காம் வாரம் தாளைக் கையில் வாங்கியவள் அதைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பையன் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்:

"எனுக்கு மட்டும் ஏன் தாத்தா சின்னக் கேள்வி?"

"உனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரட்டும்மா, அப்புறம் பெரிய கேள்வி" என்றேன்.

"எனுக்கு இங்கிலீஷ்தான தாத்தா வரல. சைன்ஸ் வருமே" என்றாள்.

சுண்டல் கிண்ணத்தை எடுத்துவரும் சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன்.

பள்ளியில் அவளுக்கு அரை மார்க் கொடுத்தது அநியாயம் என்று பொங்கியவன், திண்ணையில் செய்தது என்ன? அங்கே அவளுக்கு அறிவியல் தெரியும் என்பதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இங்கே, அவளால் இவ்வளவுதான் முடியும் என்று நானே எல்லை கட்டிவிட்டேன். அரை மார்க்காவது அவள் எழுதிய விடைக்குக் கிடைத்தது. என் பத்து மார்க் எதற்கு? "ஆவியாதல்" என்ற ஒரு சொல்லைச் சரியான பெட்டியில் போட்டதற்கு. அந்தச் சொல்லை அவள் கிராமத்துப் பள்ளியில் எப்போதோ படித்துவிட்டாள்.

எனக்கு இது தெரியாமல் போயிருக்கக்கூடாது. ஏனென்றால் இந்த இரண்டையும் சின்ன வயதில் நானே பார்த்தவன்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறினாலும், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான். அந்த இடைக்காலத்தில் பள்ளிக்குப் போன பிள்ளை நான். வீட்டில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பள்ளியில் எல்லாம் பிரெஞ்சு. அறிவியலுக்கு அப்போது "லெசோன் தெ ஷோஸ்" என்று பெயர், பொருள்களைப் பற்றிய பாடம். ஈரப் பஞ்சில் மொச்சை விதையை முளைக்கப் போட்டு, நாள்தோறும் பார்த்து, படம் வரைந்து எழுதவேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆயா போட்ட அவரைப் பந்தல் இருந்தது. விதை எந்தப் பக்கம் வெடிக்கும், முதலில் வருவது வேரா இலையா என்பதெல்லாம் எனக்குப் பஞ்சு இல்லாமலே தெரியும்.

படம் பிரமாதமாக வரைந்தேன். எழுதியதில் மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சில் வேர் பெண்பால், தண்டு பெண்பால், இலை பெண்பால், விதை மட்டும் ஆண்பாலோ பெண்பாலோ நீங்கள் சொல்லும் பெயரைப் பொறுத்தது. நான் வேரை ஆண்பாலாக்கி "லெ ரசீன்" என்று எழுதிவிட்டேன். "லா ரசீன்" என்று எழுதவேண்டும். வேர் ஆணா பெண்ணா என்று எந்தத் தமிழ்ப்பிள்ளை யோசித்திருக்கிறது? டிக்டேயில் ஐந்து பிழைக்குச் சுழி போடுகிற காலம் அது. அந்தக் கணக்கையே அறிவியலுக்கும் போட்டார் எங்கள் மெத்ர். இருபதுக்கு நான்கு. நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆயாவிடம் காட்டினேன். அவரைக்கொட்டை எப்படி முளைக்கும் என்று தெரியாதவனா என் பேரன் என்று ஆயா சண்டைக்குக் கிளம்பிவிட்டார். அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த வகுப்பில் வேறொரு மெத்ர் வந்தார். நம் ஊர்க்காரர். அவர் என் நோட்டில் இரண்டு மதிப்பெண் போட்டார். சிவப்பு மையில் 15, கீழே நீலப் பென்சிலில் 6. சிவப்பு அறிவியலுக்கு, நீலம் பிரெஞ்சுக்கு. எனக்கு ஒரே குஷி. ஆனால் அதோடு விடவில்லை. மறுநாள் அதே விடையை நீலப் பிழைகள் இல்லாமல் திரும்ப எழுதிக்கொண்டு வரச்சொன்னார். எழுதிக்கொண்டு போனால், அறிவியலில் இல்லாத அந்த ஐந்து மார்க் எங்கே போயிற்று என்று கேட்டார். விதையிலை சுருங்கிப்போவதை வரைந்திருக்கிறாய், ஏன் சுருங்குகிறது என்று எழுதவில்லையே என்றார். தமிழில் சொல்லு என்றார். சொன்னேன். செடி அதைச் சாப்பிட்டுவிடுகிறது என்றேன். "அதைத்தான் பிரெஞ்சில் எழுது" என்றார். அந்த "அதைத்தான்" இன்னும் காதில் இருக்கிறது. மொழி தெரியவில்லை என்பதற்காக அவர் ஒரு கேள்வியைக்கூடச் சின்னதாக்கவில்லை. சின்னதாக்கியிருந்தால் நான் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

இத்தனையும் தெரிந்த நான் அந்தப் பெண்ணுக்குக் கோடிட்ட இடம் கொடுத்தேன். வயதானால் இரக்கம் அதிகமாகிவிடுகிறது. இரக்கப்பட்டால் யோசிக்கவேண்டியதில்லை.

இதையெல்லாம் என் நண்பரிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், கடற்கரைச் சாலை நடையில் கூட வருபவர். என்னை முசியே என்றுதான் கூப்பிடுவார், பாதி கிண்டல்.

"முசியே, திண்ணையில நீங்க ரெண்டு மார்க் போடலாம், ரெண்டு கலர்ல போடலாம். மார்ச் மாசம் பொதுத்தேர்வுல எவன் ரெண்டு கலர்ல திருத்துவான்? இப்ப நீங்க பதினஞ்சு போட்டு அந்தப் பொண்ணை நம்ப வச்சு, அப்ப அது அடிபட்டா அந்தப் பாவம் யாருக்கு?"

நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பில் அறிவியல் எழுத்துத்தேர்வுக்கு 80 மதிப்பெண். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும், தமிழில் வராது. ஆகவே ஆங்கிலம் வேண்டாம், பிள்ளைக்குப் புரிந்தால் போதும் என்று நான் சொன்னால் அது பொய்யான ஆறுதல். அந்தப் பெண் ஆங்கிலத்தில் எழுதக் கற்றாகவேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். மூன்றுக்கு அரை என்று ஒரே எண்ணைப் பார்க்கும் பிள்ளைக்கு, தனக்குப் பானை புரியவில்லையா, ஆங்கிலம் வரவில்லையா என்று எப்படித் தெரியும்? தனக்கு அறிவியலே வராது என்றுதான் நினைக்கும். பத்து முடித்ததும் அறிவியல் பிரிவு வேண்டாம் என்று தானே ஒதுங்கிவிடும். யாரும் தடுக்கவேண்டியதில்லை. இந்தப் பக்கம் மூன்றுக்கு மூன்று வாங்கிய பையனும் ஏமாறுகிறான். தனக்குப் பானை புரிந்துவிட்டது என்று அவன் நம்புகிறான். இரண்டு பேருக்கும் அந்த எண் பொய்தான் சொல்கிறது. இரண்டு மார்க் போட்டால் குறைந்தது எந்த இடத்தில் உழைக்கவேண்டும் என்று தெரியும்.

இன்னொன்றையும் நண்பரிடம் சொன்னேன். சி.பி.எஸ்.இ. வெளியிடும் விடைக்குறிப்புகளின் முன்பக்கத்தில் திருத்துவோருக்குப் பொது அறிவுரைகள் இருக்கின்றன, இணையத்தில் யாரும் பார்க்கலாம். குறிப்பில் இருப்பது வழிகாட்டும் கருத்துகள்தான், அதுவே முழு விடை அல்ல, மாணவர் தம் சொந்த நடையில் எழுதியது சரியாக இருந்தால் உரிய மதிப்பெண் தரவேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. ஆகவே கைடு வாக்கியம்தான் வேண்டும் என்று மேலே யாரும் கேட்கவில்லை. நாம்தான் கேட்கிறோம். நண்பர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "படிச்சுப் பாக்கறேன்" என்றார். ஆசிரியர்கள் தோற்றதாக ஒப்புக்கொள்ளும் முறை அது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர் எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்று வழக்கு நடந்தது. 1974-இல் அங்கே உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாக ஆகாது, மொழி புரியாத பிள்ளைக்கு அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான் என்பது தீர்ப்பின் சாரம். என்ன உதவி செய்யவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை, அதைப் பள்ளிகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டது. அங்கேயும் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படி மார்க் போடுவது என்று ஆசிரியர்கள் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் பள்ளிகளில் வழி இல்லாமல் இல்லை. எழுத்துத்தேர்வு 80 போக மீதி 20 அகமதிப்பீடு. பருவத்தேர்வுக்கு 5, பலவகை மதிப்பீட்டுக்கு 5, தொகுப்பேட்டுக்கு 5, செய்முறைக்கு 5. பலவகை மதிப்பீட்டில் வாய்மொழிக் கேள்வியும் வைக்கலாம். அந்த இடத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பானை ஏன் குளிர்கிறது என்று தமிழில் சொல்ல விட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் பல இடங்களில் இந்த இருபதும் எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது என்று மொத்தமாகப் போடப்படுவதாக ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் திண்ணையில் போட்ட நட்சத்திரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தவனுக்கும் பத்தொன்பது, தெரியாதவனுக்கும் பத்தொன்பது என்றால் தெரிந்த பிள்ளையை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஒவ்வொரு விடைக்கும் இரண்டு மார்க் போட ஆசிரியருக்கு நேரம் ஏது என்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டாம். ஒரு தேர்வில் ஒரே ஒரு கேள்விக்குப் போடட்டும், அதுவும் இப்படிப் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும். அந்த ஒரு விடையை மறுபடி எழுதச் சொல்லட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

திண்ணையில் நான் செய்வதைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவலாம். தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, தேவையான பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஆங்கிலப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தேன். வேடிக்கை என்னவென்றால் அதனால் எனக்குத்தான் அதிகப் பயன். "உள்ளுறை வெப்பம்" என்ற தமிழ்ச்சொல் எழுபது வயதுக்குமேல்தான் எனக்குத் தெரிந்தது. நான் படித்தது "ஷலர் லதாந்த்". இரண்டிலும் ஒளிந்திருக்கும் வெப்பம் என்றுதான் பொருள். தெர்மாமீட்டரில் தெரியாமல் தண்ணீரை ஆவியாக்கிவிட்டுப் போகிற வெப்பம். ஆங்கிலத்திலும் அதே சொல்தான், லேடன்ட் ஹீட். பிள்ளைக்கு மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். "ஒளிஞ்சிருக்கற ஹீட்டா?" என்றாள். அதற்குப்பிறகு அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை.

கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். அவள் முதலில் தமிழில் சொல்லவேண்டும், எனக்குச் சந்தேகம் வருகிற இடத்தில் நான் குறுக்கே கேட்பேன். பிறகு ஆங்கிலத்தில் எழுதவேண்டும், தனக்கு வந்த ஆங்கிலத்தில். பிறகு பிழைகளைப் பார்த்து ஒருமுறை, வேண்டுமானால் இரண்டாம் முறை. "பிகாஸ்", "தேர்ஃபோர்" என்ற இரண்டு சொற்களை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்ததில் பாதி விடை நேராகிவிட்டது. அந்தப் பையனுக்கும் ஒரு நிபந்தனை: கைடு வாக்கியம் எழுதினால் அதைத் தமிழில் சொல்லிக்காட்டவேண்டும். முதலில் முறைத்தான். இப்போது அவனும் அவளும் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று சண்டை போடுகிறார்கள். திண்ணையில் சத்தம் அதிகம், எதிர்வீட்டில் புகார்.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் பழைய பானைக் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். ஐப்பசி மழைக்காலத்தில் அதே பானைத் தண்ணீர் ஏன் அவ்வளவு குளிர்வதில்லை? காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் குறையும், அதுதான் விடை. அவள் எழுதினாள். கடற்கரைப் பக்கம் உள்ள வீட்டுப் பானைக்கும் தன் ஊர்ப் பானைக்கும் கோடையிலேயே வித்தியாசம் இருக்கிறது, இங்கே குளிர்ச்சி குறைவு என்றும் சேர்த்திருந்தாள். ஆனால் ஈரக்காற்று ஏன் ஆவியாதலைக் குறைக்கிறது என்பதை எழுதாமல் தாண்டிவிட்டாள்.

சிவப்பில் இருபதுக்கு 14 போட்டேன். நீலத்தில் 8.

"எட்டா?" என்றாள்.

"போன மாசம் அஞ்சு."

"அது சரி தாத்தா. சைன்ஸ்ல ஏன் பதினாலு?"

தாளைத் திருப்பி, அவள் தாண்டிப்போன இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

உயிர்வாழ் சான்று அடுத்த பதிவில், நிச்சயம்.